கேள்வி புரியவில்லை, நீக்கவும்

1

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கச்சியிடம் போனில் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. "என்னக்கா, கொரல் ஒரு மாதிரி இருக்கு, அங்க வெயில் ஜாஸ்தியா?" என்றாள். ஆமாம், வெயில்தான் என்று வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். ஊரில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள் முதலில் படிக்கட்டும்.

நான் கொல்கத்தா வந்து முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. இவருக்கு வங்கியில் மாற்றல். கணவர் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை, இவர் என்றே எழுதுகிறேன். "மூணே வருஷம், முடிஞ்சதும் ஊருக்குப் போயிருவோம்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். இப்போது லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் சொந்த வீடு. கீழே இறங்கினால் முருங்கைக்காய், இட்லி மாவு, காப்பித்தூள் எல்லாம் கிடைக்கும். அதனால் நான் வெளியூரில் இருப்பதாகவே தங்கச்சி ஒத்துக்கொள்வதில்லை. அவள் ஒருநாள் ஆட்டோ ஏறி இந்தத் தெருவைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். வந்த புதிதில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியையை, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போல 'துமி' என்று கூப்பிட்டுவிட்டேன். அந்த அம்மாள் எனக்கு டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

நான் மனநல ஆய்வாளர். பெற்றோர் விவாகரத்து வாங்கினால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் வேலை. இருபத்தைந்து வருஷமாக அதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை. சமையல்கூடச் சுமார்தான்.

2

ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆய்வு மையம். குடும்ப நீதிமன்றத்திலிருந்து பிள்ளைகளை அனுப்புவார்கள். மாதத்தில் பாதி நாள் அப்பா வீடு, பாதி நாள் அம்மா வீடு. துர்கா பூஜை வந்தால் அஷ்டமி யாருக்கு, நவமி யாருக்கு என்று இரண்டு வக்கீல்கள் மல்லுக்கட்டுவார்கள். பிள்ளை புதுச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு பெண் குழந்தையை மறக்கவே முடியாது. இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து நின்றாள். ஏன் என்று கேட்டேன். "அப்பத்தான் திரும்பக் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள். அன்று மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளை யாரோடு ஒப்பிடுவது? பெற்றோர் பிரியாத வீட்டுப் பிள்ளைகளோடுதான். மூன்று பள்ளிகளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டோம். வார்த்தையில் சொல்ல முடியாத பிள்ளைகளுக்காக மூன்று முகம் வரைந்த அட்டை உண்டு: அழுகிற முகம், சும்மா இருக்கிற முகம், சிரிக்கிற முகம். பிள்ளை ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியில், பிரியாத வீட்டுப் பிள்ளைகள் மொத்தத்தில் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதினேன். அதை வைத்துத்தான் எனக்கு இந்த ஊரில் பெயர். பேச்சுக்குக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள், ரசகுல்லா கொடுத்தார்கள்.

3

எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் எங்கள் குடும்பக் குழுவில் மூன்று பேர்: நான், இவர், பூனாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் கோமதி. காலையில் நான் சமையலறையிலிருந்து எழுதுவேன்: 'கோமதி, அப்பா பிரஷர் மாத்திரை போட்டாச்சா கேளு.' கூடத்திலிருந்து இவர் எழுதுவார்: 'போட்டாச்சுன்னு சொல்லு.' பூனாவிலிருந்து கோமதி இரண்டுக்கும் கட்டைவிரல் போடுவாள். எனக்கும் இவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனையோ வீட்டில் இப்படித்தானே நடக்கிறது? "ஏட்டி, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொன்னால் இலை போட்டாயிற்று என்று அர்த்தம். "அம்மாகிட்ட தண்ணி கேளு" என்று பதில் வரும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், அவரும் அப்படித்தான். புருஷனிடம் நேருக்கு நேர் பேசாதது ஒரு மரியாதை என்று நினைத்தேன். கோமதி வளர்ந்து, வங்காளியில் கனவு கண்டு, வங்காளிப் பையனையே கட்டிக்கொண்டு போன பிறகும் அந்த வேலையை அவள்தான் பார்த்தாள். அவளுடைய தமிழே அந்த வேலைக்குக் கற்றுக்கொண்ட தமிழ்தான். 'வரச் சொல்லு', 'வேண்டாமாம்', 'அப்புறமாம்'. பாக்கியெல்லாம் வங்காளி.

நாலு மாதத்துக்கு முன் அவள் போன் செய்தாள். அவள் வங்காளியில் பேசுவதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மா, நானும் அபிஜித்தும் பிரியப் போறோம்."

"என்னட்டி சொல்லுத? அடிச்சானா?"

"சீ, இல்லை. அவன் நல்லவன்தான். எங்களுக்குள்ள பேச்சு நின்னு போச்சு."

"பேச்சு நின்னா நிக்கட்டும். பேசாம இருந்து யாரும் செத்துப் போனதில்லை. டுக்குவை நினைச்சுப் பாரு." டுக்கு என் பேத்தி. ஐந்து வயது. "இருபத்தஞ்சு வருஷமா இதத்தான பாத்துட்டு இருக்கேன்? பிரிஞ்ச வீட்டுப் பிள்ளைக படுத பாட்டை ஒனக்கு நான் சொல்லணுமா?"

"சொல்ல வேண்டாம். தெரியும்."

"தெரிஞ்சா சும்மா இரு."

அதோடு விட்டேனா? என் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் பூசி, அவளுக்கு அனுப்பினேன். 'எல்லாம் இதில் இருக்கிறது, பிள்ளைக்காகப் பொறுத்துப் போ' என்று மேலே எழுதினேன். எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போடுகிறவள் அதற்கு ஒன்றும் போடவில்லை. நல்லதாகப் போயிற்று, யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

4

நான் ஓய்வு பெறுகிறேன். பழைய ஆய்வின் மூலத் தாள்களை இனி வைத்திருக்கக் கூடாது, அழிக்க வேண்டும் என்று மையத்தின் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. வெறுமனே அழித்துவிட முடியாது. ஒவ்வொரு கட்டையும் பிரித்து, தாள்களை எண்ணி, மூன்று பிரதியில் நானே கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் நீல மையில். கறுப்பு மையில் போட்டு அனுப்பிய முதல் கட்டு திரும்பி வந்துவிட்டது. நாசமாய்ப் போக என்று தமிழில் திட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

உதவிக்கு இந்திராணி. அந்தக் காலத்திலிருந்தே என்னோடு இருக்கிறவள், என்னைத் 'தீதி', அதாவது அக்கா என்பாள். பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டதெல்லாம் அவள்தான். பிள்ளைகள் சொன்னதை அவள் வங்காளியில் எழுதித் தன்னிடமே வைத்துக்கொள்வாள். எண் மட்டும் போட்ட மதிப்பெண் தாள்தான் என் மேஜைக்கு வரும். பெயர் தெரிந்தால் என் புத்தி ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று நானே போட்ட விதி.

செவ்வாய்க்கிழமை மதியம். 'நீக்கியவை' என்று எழுதிய மெல்லிய கட்டு ஒன்று வந்தது. கணக்கில் சேராத தாள்கள். இந்திராணி அதை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றாள். ஏன் போனாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் தாளில் என் சிவப்புப் பென்சில். 'அப்பாவும் அம்மாவும் தனித்தனி வீட்டில் இருந்தால் உனக்கு எப்படி இருக்கும்?' என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை சிரிக்கிற முகத்தைத் தொட்டிருந்தது. பிரியாத வீட்டுப் பிள்ளைகளில் வேறு ஒன்றுகூட அதைத் தொடவில்லை. ஓரத்தில் நான் எழுதியிருந்தேன்: 'குழந்தைக்குக் கேள்வி புரியவில்லை. நீக்கவும்.' கீழே என் சுருக்கொப்பம்.

தாளைத் திருப்பினேன். பின்னால், இந்திராணி தன்னிடம் வைத்திருந்த பெற்றோர் சம்மதப் படிவமும் அவள் எழுதிய தாளும் ஊசி குத்தி இருந்தன. படிவத்தில் இவருடைய கையெழுத்து.

வங்கிக் கையெழுத்து. கடைசிக் கோட்டை இழுத்து இரண்டு புள்ளி வைப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த கையெழுத்து. ஐயோ என்று வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன் போல, பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அது கோமோதிதான், தீதி" என்றாள் இந்திராணி, ஜன்னல் பக்கமிருந்து. கோமதி இங்கே எல்லோருக்கும் கோமோதி; அவளுக்கு இந்திராணி 'மாசி', அதாவது சித்தி.

"என் மக வகுப்பு வேண்டாம்னு உன்கிட்ட சொன்னேனே!"

"சொன்னீங்க. ஆள் போதலைன்னு ஸ்கூல்காரங்க ரெண்டு பிரிவையும் சேர்த்து உட்கார வச்சுட்டாங்க. படிவத்தை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க. நான் அவளை வகுப்புக்குப் போகச் சொன்னேன், தீதி. போகலை. ரெண்டு பீரியட் வரிசையிலேயே நின்னா. அப்புறம் எப்படித் துரத்துவேன்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"பேர் சொல்லக் கூடாதுன்னு விதி போட்டது யாரு? நீக்கச் சொன்னப்ப மூணு தடவை கேட்டேன், நிஜமா நீக்கணுமா, நிஜமா நீக்கணுமான்னு. எரிச்சல்பட்டீங்க."

எரிச்சல்பட்டது எனக்கு நினைவே இல்லை. எத்தனை பேரிடம் எரிச்சல்பட்டேனோ, ஒன்றும் நினைவில்லை.

மற்றத் தாளைப் படித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதை இந்திராணி அப்படியே எழுதியிருக்கிறாள். தமிழில் இப்படி வரும்:

'அம்மா சொன்னதை நான் அப்பாவிடம் சொல்வேன். அப்பா சொன்னதை அம்மாவிடம் சொல்வேன். படித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து போக வேண்டும். கோபமான வார்த்தையை அப்படியே சொல்ல மாட்டேன், மாற்றிச் சொல்வேன். சிரித்துக்கொண்டே சொன்னால் திட்ட மாட்டார்கள். தனித்தனி வீடு என்றால் நல்லது. ஒரு வீட்டில் இருக்கும்போது அந்த வீட்டில் மட்டும் இருக்கலாம்.'

அடியில் இந்திராணியின் குறிப்பு: 'பிள்ளை கேட்கிறாள், இதை அம்மா படிப்பாளா? படிப்பாள் என்றேன்.'

5

அந்த வருஷங்களில் நானும் இவரும் பேசிக்கொள்ளவில்லை. இதுவரை இதை யாருக்கும் சொன்னதில்லை. இவருக்கு மதுரைக்கு மாற்றலும் பதவி உயர்வும் சேர்ந்து வந்தன. என் ஆய்வு அப்போதுதான் தொடங்கியிருந்தது. வரமாட்டேன் என்றேன். இவர் பதவி உயர்வை விட்டுவிட்டு இங்கேயே இருந்தார். அதோடு என்னிடம் பேச்சையும் விட்டார். நானும் வீம்பாக விட்டேன். மூன்று வருஷம். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, தட்டு பறந்தது கிடையாது. பிள்ளை முன்னால் நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். என் கேள்வித்தாளிலும் வீட்டில் சண்டை உண்டா என்றுதான் கேட்டிருந்தேன். பேச்சு உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் பால்கனியில் இருந்தார். அந்தத் தாளை அவர் மடியில் வைத்தேன். வங்காளி இவருக்கு வேகமாக வராது. எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்துப் படித்தார். படித்து முடித்து, கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"அவளேதான் கொண்டாந்து கொடுத்தா. 'அம்மா படிக்கப் போறா, கையெழுத்துப் போடுங்கப்பா'ன்னா. சந்தோஷமா நின்னா. நான் வாசிச்சுக்கூடப் பாக்கலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? நாமதான் பேசலையே."

தாளை வாங்கி மடித்து வைத்தேன். பிறகு, எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன்: "என்ன இருந்தாலும் நீங்க எறங்கி வந்தீங்க. மன்னிப்புக் கேட்டு அனுப்புனீங்க. அதுக்கப்புறம் எல்லாம் சரியாத்தான போச்சு?"

இவர் தலையைத் தூக்கினார். "நான் எங்க அனுப்புனேன்?"

"ஒரு ஞாயித்துக்கிழமை. நான் சாம்பாருக்குத் தாளிச்சுட்டு இருந்தேன். 'அம்மா, அப்பா ஒங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க'ன்னு கோமதி வந்து சொன்னா. நான் அழுதுட்டு, காப்பி போட்டு நானே கொண்டாந்து தந்தேனே!"

"நீ காப்பி கொண்டாந்ததுக்கு முன்னாலயே அவ எங்கிட்ட வந்து, 'தப்பு எம்மேலதான்னு அம்மா சொல்லுதா'ன்னு சொன்னா. அதனாலதான நான் வாங்கிக் குடிச்சேன். ஆகா, எறங்கி வந்துட்டாளேன்னு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

"நானும் யாரையும் அனுப்பலை."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கொல்கத்தா ஜூன் மாதத்து வெயிலில் சொல்கிறேன். இத்தனை வருஷம் நாங்கள் குடும்பம் நடத்தியது ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை கட்டிய பொய்யின் மேல். அந்தக் குடும்பத்தைத்தான் பிரியாத வீடு என்று நான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாளால் ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது, அது எனக்குத் தெரியும். இதை நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் மஞ்சள் பூசி, அந்தத் தாளுக்குச் சொந்தக்காரிக்கே அனுப்பி, பேசாமல் பொறுத்துப் போ என்று உத்தரவு போட்டிருக்கிறேனே! கூசாமல் போட்டிருக்கிறேன்.

"போனைப் போடு" என்றார் இவர். "நேரா பேசு. குழுவில எழுதாத."

6

ஒலிபெருக்கியில் போட்டேன். இவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கோமதி, பழைய தாள் ஒண்ணு கெடைச்சிருக்கு. நாலாங் கிளாஸ்ல நீ இந்திராணி மாசிகிட்ட சொன்னது."

அந்தப்பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இப்பத்தான் படிச்சியா, மா?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊரில் எத்தனையோ பிள்ளைகளிடம் எத்தனையோ கேள்வி கேட்டவள் நான். இவர்தான் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இப்பத்தான் படிச்சேன். அன்னைக்கு ஒனக்குக் கேள்வி புரியலைன்னு எழுதி எடுத்துப் போட்டுட்டேன்."

"எனக்கு நல்லாத்தான் புரிஞ்சுது." கோபமாகச் சொல்லவில்லை. "நீ படிச்சுட்டு என்னைக் கூப்பிடுவேன்னு நினைச்சேன். தினமும் ஸ்கூல்ல இருந்து வந்து உன் முகத்தைப் பார்ப்பேன். நீ ஒண்ணும் சொல்லலை. பூஜா லீவு வந்துது, முடிஞ்சுது. அம்மா படிச்சுட்டும் பேசலை, இனி நாமதான் ஏதாவது பண்ணணும்னு தோணிச்சு."

"மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொன்னது?"

"நான்தான். ரெண்டு பேர்கிட்டயும் நான்தான் சொன்னேன்." மூச்சு விட்டாள். "அதுக்கப்புறம் எப்பவும் பயம், மா. நீங்க ரெண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து நிஜமாப் பேசிட்டா கண்டுபிடிச்சுருவீங்களேன்னு. அதான் நடுவுல நானே இருந்தேன். பூனா வந்தும் விடலை."

இவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனையே பார்த்தேன்.

"கோமதி, நான் அனுப்புன கட்டுரையத் தூக்கித் தூரப் போடு. நீ ஒன் இஷ்டப்படி செய்யி. தப்பு எம்மேல. இதை நானேதான் சொல்லுதேன், யார்கிட்டயும் சொல்லி அனுப்பலை."

"தூரப் போட வேண்டாம், மா. அதைப் படிச்சுட்டுத்தான் மூணு மாசம் பொறுத்துப் பார்த்தேன். நீ சொன்னா சரியா இருக்கும்னு. போன வாரம் இட்லி வச்சுட்டு, 'டுக்கு, பாபாவைச் சாப்பிட வரச் சொல்லு'ன்னு என் வாயில வந்துருச்சு. எங்க வீட்டுல தமிழே பேச மாட்டேன், அது மட்டும் தமிழ்ல வந்துது. அவளுக்கு எப்படிப் புரிஞ்சுதோ, ஓடினா. பாதியில நின்னு என்னைத் திரும்பிப் பார்த்தா. 'சிரிச்சுக்கிட்டே சொல்லட்டுமா, மா?'ன்னு கேட்டா. நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. மறுநாளே வக்கீலைப் போய்ப் பார்த்துட்டேன்."